ஷ்மூ என்னும் சாதுப் பிராணி



பசித்த கண்ணோடு ஒருவர் தன்னை நோக்கினாலே போதும். பேருவகை கொண்டு அவ்விடத்திலேயே உயிர்விட்டு அவருக்கு உணவாகிவிடும் பிராணி ஒன்று உண்டென்றால் நம்புவீர்களா? காட்டிலும் கடலிலும் அதனைத் தேட வேண்டா. 1948-ஆம் ஆண்டு, அமெரிக்கச் செய்தித்தாள்களில் வெளிவந்த 'லில் ஆப்னர்' என்னும் சித்திரத் தொடரில், அல் காப் என்ற ஓவியரின் தூரிகையில் பிறந்தது அது. ஷ்மூ என்பது அதன் பெயர்.

வெண்ணிறச் சுரைக்காய் ஒன்றுக்குக் குட்டைக் கால்கள் முளைத்தாற்போன்ற உருவம். கைகள் இல்லை. முகத்தில் சில மீசை மயிர்களும் மாறாத புன்னகையும் உண்டு. முட்டையிடும், பாலும் வெண்ணெயும் தரும். பொரித்தால் கோழிக்கறியின் சுவை, சுட்டால் மாட்டிறைச்சியின் சுவை. கண்கள் பொத்தானாகும், மீசை பல் குத்த உதவும். காற்றைத் தவிர அதற்கு வேறு இரை வேண்டா. குழந்தைகளோடு விளையாடுவதில் அலுப்பதே இல்லை. பெருகுவதிலோ முயலும் அதனிடம் தோற்கும்!

டாக்பேட்ச் என்னும் வறிய மலைக்கிராமத்து இளைஞன் ஆப்னர், மறைவான பள்ளத்தாக்கு ஒன்றில் இவற்றைக் காண்கிறான். அங்குள்ள முதியவர் அவனை எச்சரிக்கிறார். இவை மனித குலத்திற்கே பேராபத்து என்கிறார். தீயவை என்பதால் அன்று, அளவு கடந்து நல்லவை என்பதால்! ஆப்னர் கேட்கவில்லை. ஷ்மூக் கூட்டம் அவன் பின்னே ஊருக்குள் வருகிறது, பஞ்சம் பறந்தோடுகிறது.

எல்லார்க்கும் வயிறு நிறைந்த அவ்வூரில் அழுதவர் யார்? மளிகைக் கடைக்காரர். 'இளகிய மனத்து ஜான்' என்பது அவருக்கு ஓவியர் குறும்பாக இட்ட பெயர். தாம் அழிந்தோம் என்று அவர் அலறுகிறார். பன்றியிறைச்சி வணிகத்தின் பெருஞ்செல்வர் ஃபேட்பேக்கோ அலறிக்கொண்டிருக்கவில்லை. துப்பாக்கிப் படையை ஏவி ஷ்மூக்களைக் கொன்று குவிக்கிறார். பிறருடைய பசியே முதலாக வாணிபம் செய்வோருக்குப் பசி தீர்ப்பவன் பகைவன் அன்றோ! நகைச்சுவைப் படத்தில் இத்துணைக் கசப்பை வைத்த அத்துணிவை நாம் வியக்கிறோம். முதலாளித்துவத்தைச் சாடுகிறார் என்று சிலரும், பொதுவுடைமையை எள்ளுகிறார் என்று வேறு சிலரும் அக்காலத்தில் அவர்மேல் பாய்ந்தனர்.

எனினும் நம்மை உறுத்துவது ஃபேட்பேக் மட்டும் அல்லர். ஷ்மூவை நேசித்த நல்லவர்களும் அதனை உண்டனர்; அது சிரித்துக்கொண்டே இறந்தமையால் யாருக்கும் நெஞ்சு குத்தவில்லை. வீட்டில் அனைவருக்கும் இட்டபின் சட்டியின் அடியைச் சுரண்டி உண்டு, தமக்குப் பசியே இல்லை என்பவர் ஒருவர் நம் குடும்பங்களிலும் இருக்கிறார். அவர் முகத்திலும் புன்னகைதான்.

கதைக்கு வெளியே நடந்தது இன்னும் வேடிக்கை. காசின்றி வாழவைத்த பிராணியைக் கடைக்காரர்கள் பொம்மையாகவும் கடிகாரமாகவும் சவர்க்காரமாகவும் காசுக்கு விற்றனர். அமெரிக்கக் கருவூலமும் 1949-இல் சேமிப்புப் பத்திரம் வாங்கிய சிறுவர்க்கு ஷ்மூ படம் பொறித்த சான்றிதழை வழங்கியது. பணத்தைத் தேவையற்றதாக்கிய பிராணி பணம் சேர்க்கக் கற்பித்தது!

கதையில் ஷ்மூ இனம் அடியோடு அழியவில்லை. ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி தப்பிப் பள்ளத்தாக்குக்கே திரும்புகிறது. அதே 1949-இல் காப் மற்றொரு சாதுப் பிராணியைப் படைத்தார். கிக்மி என்று பெயர். மனிதர் தம் சினம் தீர எட்டி உதைப்பதற்கென்றே அது பிறந்தது. உதைபடுவதில் அதற்கு அத்தனை மகிழ்ச்சி.