ஹெரியற் பொய் சொன்னாராம்

ஜேம்ஸ் ஹெரியற் எண்டு ஒரு மிருக வைத்தியர் இருக்கவே இல்லை. போன கிழமை எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு நண்பர் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னார். அந்த ஆள் தன்ர வாழ்க்கை எண்டு எழுதினதில் பாதி புனைவாம். டரோபி என்ற ஊர் யோர்க்ஷயரிலேயே கிடையாதாம். கதையில் கமக்காரர் மகளாக வருகிற மனைவி உண்மையில் கமக்காரர் மகளே இல்லையாம். ஆண்டுகூடப் பிழையாம். "இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறார்" எண்டு முடித்தார். அறையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மற்றப் பாதியான நாங்கள் அந்த நேரம் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு எழும்பி வந்துவிட்டோம். அப்போது சொல்லாத பதில்தான் இது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. இங்கிலாந்தின் வடக்கே மாடும் குதிரையும் ஆடும் பார்த்துத் திரிந்த ஒரு வைத்தியர், தன் தொழில் அனுபவங்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதிய புத்தகங்கள் அவை. முதலாவது 1970இல் வந்தது. பிறகு உலகம் முழுக்க ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. பிபிசி தொடராக எடுத்தது. 2020இல் இன்னொரு தொலைக்காட்சி மறுபடி எடுக்கத் தொடங்கியது.

நண்பர் சொன்ன தகவல்கள் சரி. ஒன்றையும் நாங்கள் மறுக்கவில்லை. இன்னும் வேணுமெண்டால் நாங்களே கூட்டித் தருவோம். ஆளின் உண்மையான பெயர் ஜேம்ஸ் அல்பிரட் வைற். எல்லாருக்கும் அல்ப். 1916இல் சண்டர்லன்டில் பிறந்து, கைக்குழந்தையாகவே கிளாஸ்கோவுக்குப் போய், அங்கேயே வளர்ந்தவர். ஆகவே யோர்க்ஷயர் மண்ணின் மைந்தனும் இல்லை. அவரைப் புகழ் சேர்த்த தேர்ஸ்க் என்ற சிறிய சந்தை நகரம் மலைப்பக்கத்தில் இல்லை, யோர்க் சமவெளியில் இருக்கிறது. மலைப்பள்ளத்தாக்கு வேலை அவருக்குக் கிடைத்தது லேபர்ன் என்ற இன்னொரு ஊரில் இருந்த வைத்தியருக்கு உதவப்போன நேரங்களில். தேர்ஸ்க்கையும் லேபர்னையும் வேறு ஒன்றிரண்டு ஊர்களையும் குழைத்துத்தான் டரோபி. மனைவி ஜோன் டான்பரி ஒரு தானிய ஆலை அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். ஹெரியற் என்ற பெயர்? தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பேர்மிங்ஹாம் சிட்டி அணிக்குக் கோல் காத்துக்கொண்டிருந்த ஜிம் ஹெரியற்றிடம் இருந்து எடுத்தது.

ஏன் பெயரை மறைத்தார் எண்டு நண்பர் கேட்கவே இல்லை. அந்தக் காலத்துப் பிரித்தானிய மிருக வைத்தியர்கள் தங்களை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம். சொந்தப் பெயரில் புத்தகம் போட்டால் அதுவே விளம்பரம் எண்டு ஆகிவிடும். பேய்க்காட்டுறதுக்குப் போட்ட முகமூடி இல்லை அது. வேலை போகாமல் இருக்கப் போட்டது.

1997இல் கிரஹாம் லோர்ட் என்ற பத்திரிகையாளர் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் "பாதி புனைவு" கதையைப் பெரிதாகக் கிளப்பியது. 1999இல் அல்ப்பின் மகன் ஜிம் வைற், தானும் அதே ஊரில் அதே தொழில் செய்தவர், தகப்பனைப் பற்றித் தன் புத்தகத்தை எழுதினார். பெரும்பாலான சம்பவங்களுக்கு அடியில் உண்மையான ஒரு மாடும் ஒரு கமக்காரரும் இருக்கிறார்கள் எண்டு வாதாடினார். இந்த இழுபறியில் எங்களுக்குச் சுவாரசியமாக இருப்பது வேறொரு தகவல். அல்ப் இதை முதலில் நாவலாகத்தான் எழுதினார். பதிப்பகம் ஒன்று திருப்பி அனுப்பியபோது, அங்கே வாசித்தவர் இதைத் தன்னிலையில், சொந்த அனுபவம்போல எழுதிப் பார்க்கச் சொன்னார். அப்படித் திருத்தி எழுதினதுதான் நாங்கள் வாசிக்கிற புத்தகம். ஆக அது நாவலாகப் பிறந்து 'நான்' எண்டு பேசப் பழகின ஒன்று. அதைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்போலத் தூக்கிப்பிடித்துத் திகதி சரிபார்ப்பது எங்கட பிழை.

இப்ப அந்த ஆண்டு விசயத்துக்கு வருவோம். கதையில் இளம் வைத்தியர் டரோபிக்கு வருவது 1937இல். உண்மையில் அல்ப் தேர்ஸ்க்குக்கு வந்தது 1940 ஜூலையில். இந்த மூன்று வருசம் சும்மா மூன்று வருசம் இல்லை. நடுவில் யுத்தம் தொடங்கிவிட்டது. கதையில் சீக்பிரீட் என்ற முதலாளி புதுப்பெடியனை அன்பாக வரவேற்று, திட்டி, கூட்டிக்கொண்டு திரிந்து தொழில் காட்டுகிறார். நிஜத்தில் அந்த முதலாளி டொனால்ட் சின்கிளேயர், அல்ப்பை வேலைக்கு எடுத்த கையோடு விமானப்படையில் சேரப் போய்விட்டார். வயதைக் குறைத்துச் சொன்னது பிடிபட்டு அவர்கள் திருப்பி அனுப்பும்வரை சில மாதம் வரவில்லை. இருபத்துமூன்று வயது. தெரியாத ஊர், தெரியாத கமக்காரர்கள், தனியாள். புத்தகத்தில் இருக்கிற அந்தப் போருக்கு முந்தின அமைதி அல்ப்புக்கு ஒருநாளும் கிடைக்காத ஒன்று. கிடைக்காததைத் தனக்குத் தானே எழுதிக் கொடுத்தார். இதைப் பொய் எண்டு சொல்லுற ஆக்கள் சொல்லட்டும். எங்களுக்கு அந்த மூன்று வருசம்தான் முழுப் புத்தகத்திலும் ஆகச் சோகமான இடம், இப்ப.

அதற்கு முந்தின கதையும் இதமானது இல்லை. தகப்பன் கப்பல் கட்டுகிற தளத்தில் இரும்புத்தகடு பொருத்துகிற தொழிலாளி, பேசாப்பட காலத்தில் தியேட்டரில் பியானோவும் வாசித்தவர். கிளாஸ்கோவில் கப்பல் வேலை படுத்துப்போன முப்பதுகளில்தான் மகன் மிருக வைத்தியக் கல்லூரியில் படித்தது. 1939 கடைசியில் பட்டம் கிடைத்தபோது வேலைகள் அருமை. கிராமத்து வாழ்க்கையின் அழகு பார்த்து வந்தவர் இல்லை அவர். வேலை தேடி வந்தவர்.

வேலை எண்டால் என்ன வேலை? பனிக்கால இரவு இரண்டு மணிக்கு மாட்டுக்கொட்டிலில் இடுப்புக்கு மேல் உடுப்பைக் கழற்றி, வாளித் தண்ணியில் சவர்க்காரம் போட்டு, தோள்மூட்டு வரைக்கும் பசுவுக்குள்ளே கையை விட்டு, மடங்கிக் கிடக்கிற கன்றின் தலையைத் தேடுவது. கல்லுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு. பசு முக்கும் ஒவ்வொரு தடவையும் கை நசுங்கும். சிலவேளை இரண்டு மணித்தியாலம். கன்று செத்து வந்தால் கமக்காரருக்கு வருசத்து நட்டம், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கை கழுவவேண்டும். மருந்து எண்டு அப்போது இருந்ததில் பாதி அலமாரியில் கலந்து வைத்த போத்தல் தண்ணிதான். சல்பா மருந்துகளும் அதன் பிறகு பெனிசிலினும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை அவருடையது.

அதைவிடப் பெரிய வேலை காசநோய்ப் பரிசோதனை. கதையாகச் சொல்ல அதில் ஒண்டும் இல்லை. மாட்டின் கழுத்தில் மயிரை வெட்டி, தோலின் தடிப்பை அளந்து, ஊசி ஏற்றி, மூன்றாம் நாள் திரும்பிப் போய் மறுபடி அளப்பது. பிறகு அடுத்த மாடு. பிறகு அடுத்த பண்ணை. நோயுள்ள மாட்டுப் பாலைக் குடித்துப் பிள்ளைகளுக்குக் காசநோய் வந்த நாடு அது. அதைக் குறைத்ததில் இப்படி ஒவ்வொரு கழுத்தாகத் தொட்டதற்கும் பங்கு உண்டு. சிரிப்புப் பகுதிகளுக்கு நடுவே புத்தகத்தில் இதுக்குச் சில பக்கம். வாழ்க்கையில் வருசக்கணக்கு.

இனி நண்பருக்குத் தெரியாத, தெரிந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருக்கக்கூடிய ஒரு தகவல். 1960இல் அல்ப் கடுமையான மனச்சோர்வு நோயில் விழுந்தார். மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுத்தார்கள். வெளியே வர ஏறக்குறைய இரண்டு வருசம் ஆனது. இதெல்லாம் மகனின் புத்தகத்தில் இருக்கிறது. தகப்பனின் புத்தகங்களில் ஒரு எழுத்தும் இல்லை. அவர் எழுத உட்கார்ந்தது அதுக்குப் பிறகு, ஐம்பது வயதை எட்டுகிற நேரத்தில். பின்னேரங்களில் வீட்டு முன்னறையில், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, தட்டச்சு இயந்திரத்தோடு. முதலில் எழுதின சிறுகதைகள் எல்லாம் திரும்பி வந்தன.

இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. இந்த எழுத்தை 'மனசுக்கு இதமான வாசிப்பு' எண்டு ஒரு சிரிப்போடு ஒதுக்குவது எங்கட கலைப்பீடப் பழக்கம். துன்பம் தெரியாதவன் எழுதின இனிப்பு எண்டு நினைப்பு. இல்லை, மாறி நடந்திருக்கிறது. மண்டைக்குள்ளே மின்சாரம் பாய்ச்சப்பட்ட ஒரு மனிதன், அந்த இரண்டு வருசத்தை ஒருவரிடமும் விற்காமல், செத்துப்போகாமல் எழும்பி நின்ற ஒரு கன்றைப் பற்றி எழுதினார். அவருக்கு எது தெரியும், எது தெரியாது எண்டு பக்கத்தில் இருக்கிற சிரிப்பை வைத்து எப்படி முடிவு கட்டினோம்?

எங்கட சூழலில் இதுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கு. போருக்குப் பிறகு வளர்ந்த நாங்கள் 'உண்மை எழுத்து' எண்டால் சாட்சியம் எண்டே பழகிவிட்டோம். எழுதுகிறவர் காயத்தைக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் ஒளிக்கிறார். அந்தச் சாட்சியங்கள் தேவை, அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு வரியாக மாறி எல்லாரிடமும் அறவிடப்படுகிறது. எங்கட வட்டத்திலேயே ஒரு தோழி தன்ர அம்மம்மாவின் ஆடுகளைப் பற்றி எழுதின பகிடிக் கட்டுரையைக் கொண்டுவந்தபோது, "இதில அரசியல் எங்க?" எண்டு கேட்டது யார்? நாங்கள்தான். அவர் அதற்குப் பிறகு எங்களுக்கு ஒண்டும் வாசித்துக் காட்டவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களோடும் எங்களுக்குச் சரிவராது. பச்சை மலை, கல்லு மதில், பழைய கார், அன்பான கமக்காரர், பின்னணியில் இசை. தேர்ஸ்க்கில் அவர் வேலை செய்த வீடு, கேர்க்கேற் வீதி 23ஆம் இலக்கம், இப்ப அருங்காட்சியகம். போய்ப் பார்ப்பதில் பிழையில்லை, காசிருந்தால் நாங்களும் போவோம். ஆனால் அந்த இனிய பழங்காலம் எண்டு விற்கப்படுவது அவருக்குக் குளிரும், கைவலியும், மாட்டிடம் இருந்து மனிதருக்குத் தொற்றுகிற காய்ச்சலும். காசு வந்த பிறகும் அவர் அந்த ஊரைவிட்டு ஓடவில்லை. எழுபதுகளில் பிரித்தானியாவில் உச்ச வருமானவரி 83 வீதம். அதைத் தப்ப நாட்டைவிட்டுப் போன புகழாளர்கள் எத்தனையோ பேர். இவர் வரியைக் கட்டிக்கொண்டு, இரவில் தொலைபேசி அடித்தால் எழும்பிப் போய்க்கொண்டிருந்தார், எண்பதுகளிலும்.

அவர்மேல் வைக்கக்கூடிய ஒரே ஒரு குற்றச்சாட்டு எங்களுக்குப் படுவது டொனால்ட் விசயம். நண்பர் அதைத் தொடவே இல்லை. சீக்பிரீட் என்ற பாத்திரம் டொனால்டின் அச்சு. காலையில் ஒண்டு சொல்லி மத்தியானம் அதையே மறுக்கிற, கோபம் வந்த வேகத்தில் மறந்துபோகிற ஆள். அவருடைய தம்பி பிறையன், கதையில் ட்றிஸ்ரன், தன்னை எழுதினதை ரசித்தார். டொனால்ட் ரசிக்கவில்லை. புண்பட்டார். புத்தகத்தில் இருப்பது உண்மையான டொனால்டைக் குறைத்து மென்மையாக்கின வடிவம் எண்டு மகன் எழுதுகிறார். அதாவது அங்கேயும் ஒரு பொய், மரியாதைக்குச் சொன்ன பொய். அது போதவில்லை. புனைபெயர் அல்ப்பைத் தொழில் விதியிடம் இருந்து காப்பாற்றியது. டொனால்டை ஊர்ச் சனத்திடம் இருந்து யார் காப்பாற்றுவது? தேர்ஸ்க்கில் எல்லாருக்கும் சீக்பிரீட் யாரெண்டு தெரியும். ஒரு மனிதர் தன்ர சொந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்க, வேறு நாட்டில் இருந்து வந்த சனம் இன்னொரு பெயரில் அவரைத் தேடுகிறது. கேட்காமல் எழுதலாமா? இதுக்கு எங்களிடமும் விடை இல்லை. எங்கள் வீடுகளைப் பற்றி எழுதுகிற எங்களுக்கு இது வெளிநாட்டுப் பிரச்சினையும் இல்லை.

ஆனாலும் இரண்டு பேரும் பிரியவில்லை. ஐம்பது வருசத்துக்கு மேல் நீண்ட உறவு. 1995 பெப்ரவரியில் அல்ப் புற்றுநோயில் இறந்தார். அதே ஆண்டு ஜூனில், தன் மனைவியும் இறந்து சிறிது காலத்தில், டொனால்ட் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அடுத்த சந்திப்புக்கு நண்பர் லோர்டின் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். நாங்கள் மகனின் புத்தகத்தைக் கொண்டு வாறம். டொனால்டில் இருந்து தொடங்குவோம். தோழியையும் கூப்பிட்டிருக்கிறம், ஆட்டுக் கட்டுரையோடு வரச்சொல்லி. வருவாரோ தெரியாது. தேத்தண்ணிச் செலவு தலையாட்டினவர்களுடையது.