விமான நிலையத்தில் 9 மணி நேரம்: யாருக்கு ஓய்வு, யாருக்குப் பாரம்?

 

உம்ராவுக்காகவும், வளைகுடா நாடுகளில் பணிபுரியும் உறவினரைக் காண்பதற்காகவும் குடும்பத்தோடு விமானம் ஏறுவோர் இன்று நம்மிடையே பலர். நேராகச் செல்லும் விமானத்தைவிட, இடையில் ஓர் ஊரில் இறங்கி மாறிச் செல்லும் விமானத்திற்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. ஆகவே தோஹாவிலோ மஸ்கட்டிலோ கொழும்பிலோ 6 மணி நேரம், 9 மணி நேரம் என்று கைக்குழந்தைகளோடும் வயது முதிர்ந்த பெற்றோரோடும் காத்திருக்க நேருகிறது.

பயணம் புறப்படுமுன் நம்மிடம் துஆ கேட்டு வருவோர், "அவ்வளவு நேரத்தை அங்கே எப்படிப் போக்குவது?" என்று வினவுவதுண்டு. ஓதுங்கள், திக்ரு செய்யுங்கள் என்று நாமும் எளிதாகச் சொல்லி அனுப்பிவிடுவோம். அந்த விடை பாதி விடைதான் என்பதை நம் சொந்தப் பயணம் ஒன்று நமக்குக் கற்றுத் தந்தது. வெட்கத்தோடுதான் அதை எழுதுகிறோம். பிறருக்குப் படிப்பினையாகட்டும் என்பதே நோக்கம்.

நமது தவறு

ஒரு டிசம்பர் மாதம் நம் தாயார், பிள்ளைகளின் தாயார், மூன்று பிள்ளைகள் ஆகியோருடன் சென்னையிலிருந்து உம்ராவுக்குப் புறப்பட்டோம். தோஹாவில் இறங்கியபோது மணி அதிகாலை 5:15. ஜித்தா செல்லும் விமானம் பிற்பகல் 2:30-க்கு. பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே வந்து அமர்ந்தபோது சூரிய உதயத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரமே எஞ்சியிருந்தது. கடைக்குட்டி தோளில் உறக்கம், நடுப்பிள்ளைக்குப் பசி, தாயாருக்குக் கழிவறை செல்ல வேண்டும்.

"நீங்க முதல்ல போய்த் தொழுதுட்டு வாங்க" என்றார் பிள்ளைகளின் தாயார். நாமும் சென்றோம். அந்த நிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தொழுகை அறைகள் உண்டு. உளூச் செய்து, ஸுப்ஹுத் தொழுது முடித்தோம். அறையின் அமைதி நம்மைப் பிடித்துக்கொண்டது. சூரியன் உதித்து உயரும்வரை ஓதிக்கொண்டிருந்துவிட்டு, இஷ்ராக்கும் தொழுதுவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. உம்ராப் பயணத்தின் முதற் காலையை இதைவிடச் சிறப்பாகத் தொடங்க முடியுமா என்று உள்ளம் பூரித்தது.

7 மணிக்குத் திரும்பி வந்தோம். மூத்த மகள்தான் சொன்னாள்: "அத்தா, அம்மா இன்னும் தொழலை."

நாம் ஓதிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நம் தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, உளூச் செய்வித்து, நாற்காலியில் அமர்ந்தபடியே தொழ வைத்திருக்கிறார். திரும்பியதும் கடைக்குட்டி விழித்து அழுதிருக்கிறான். பைகளையும் பிள்ளைகளையும் தாயாரையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே! நாம் வருவோம் வருவோம் என்று வழியைப் பார்த்திருந்தவரின் கண்முன்னே கண்ணாடிச் சுவருக்கு வெளியே பொழுது விடிந்துவிட்டது.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பையிலிருந்து முஸல்லாவை எடுத்துக்கொண்டு களாத் தொழப் புறப்பட்டார். போகும்போது ஒரே ஒரு வார்த்தை: "உங்களுக்கு இது பள்ளிவாசல், எனக்கு இதுவும் அடுப்படிதான்."

நமது நஃபிலுக்காக அவருடைய ஃபர்ளு தவறியது. ஆண்டுக்கணக்கில் மாணவர்களுக்கு ஃபர்ளு, வாஜிபு, சுன்னத், நஃபில் என்று வரிசை மாறாமல் பாடம் நடத்தும் நாம், அந்த வரிசையை விமான நிலையத்தில் மறந்துபோனோம்.

நபிவழி காட்டும் பயணம்

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி. உணவையும் நீரையும் உறக்கத்தையும் அது தடுக்கிறது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அந்த வேதனையை வீட்டில் ஒருவர்மீது மட்டும் சுமத்துவது எந்த வகையில் நீதி?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்தணி ஒரு பயணத்தில் காணாமற்போன நிகழ்வை நாம் அனைவரும் அறிவோம். அதைத் தேடுவதற்காக அண்ணலார் தங்கினார்கள். உடன் வந்தோர் அனைவரும் தங்கினார்கள். அந்த இடத்தில் தண்ணீர் இல்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் மகளைக் கடிந்துகொண்டார்கள். அண்ணலாரோ அன்னையின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாமதத்தில்தான் தயம்மும் பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. ஒரு மனைவியின் பொருளுக்காக ஒரு கூட்டமே காத்திருந்தது. அந்தக் காத்திருப்பே இந்த உம்மத்துக்கு அருட்கொடையாயிற்று.

குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் அண்ணலார். பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுதவர்கள். இல்லத்தில் இருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று அன்னையார் அறிவித்துள்ளார்கள். இவற்றையெல்லாம் மேடையில் சொல்லத் தெரிந்த நமக்கு, பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையையும் தூக்கிக்கொள்ளத் தெரியவில்லை!

"காத்திருக்கும் நேரத்தில் அமல் செய்வது குற்றமா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதருள் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் என்பதும் நபிமொழியின் கருத்தே. ஆனால் நமக்குக் கிடைத்த ஓய்வு, மற்றொருவர் தம் ஓய்வை விட்டுக்கொடுத்ததால் கிடைத்ததா என்று பார்க்க வேண்டாமா? நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்கள் தொழ இடமில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். அங்கோ பெண்களுக்கெனத் தனியறை இருந்தது. அதுவரை நடந்து செல்ல அவருக்குக் கை ஓயவில்லை என்பதுதான் குறை. அந்தக் குறைக்குக் காரணம் நாம்.

செய்ய வேண்டியவை

மூவர் பயணம் செய்தால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி அபூதாவூதில் நபிமொழி உண்டு. குடும்பத்தின் அமீராக இருப்பவர் இறங்கியவுடன் கவனிக்க வேண்டியவற்றை நம் அனுபவத்திலிருந்து கூறுகிறோம்.

முதலாவது, கடிகாரம். தோஹா நேரம் இந்திய நேரத்தைவிட 2:30 மணி நேரம் பின்தங்கியது. கைக்கடிகாரத்தை மாற்றாவிட்டால் தொழுகை நேரத்தில் குழப்பம் வரும். பிள்ளைகளின் பசியும் உறக்கமும் நம் ஊர் நேரத்தையே பின்பற்றும் என்பதையும் மறக்கலாகாது. அங்கே இரவு 10 மணி என்றால் குழந்தைக்கு அது நள்ளிரவு 12:30.

இரண்டாவது, தொழுகையின் முறை. நேரம் குறுகியிருந்தால் பெண்களும் முதியவர்களும் முதலில் செல்லட்டும். ஆண் பைகளோடும் பிள்ளைகளோடும் இருக்கட்டும். அவர்கள் திரும்பியதும் அவர் சென்று ஃபர்ளையும் சுன்னத்தையும் நிறைவேற்றிவிட்டு வரட்டும். எல்லாரும் தொழுது, உண்டு, இளைப்பாறிய பின்னர் நஃபிலுக்கு நேரம் தாராளமாக இருக்கும்.

மூன்றாவது, பயணிக்கு மார்க்கம் வழங்கிய சலுகை. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் பயணத்தில் அவ்வாறு சேர்ப்பதில்லை. ஆகவே அஸரின் நேரம் விமானத்தில் வருமா, இறங்கிய பின் வருமா என்று முன்கூட்டியே கணித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, இஹ்ராம். பெட்டிகள் பெரும்பாலும் நேரே ஜித்தாவுக்குச் சென்றுவிடும். இடையில் நம் கைக்கு வாரா. எனவே இஹ்ராம் துணி கைப்பையிலேயே இருக்க வேண்டும். குளிப்பது சுன்னத், வசதி இல்லையெனில் உளூ போதும். துணியை விமான நிலையத்திலேயே உடுத்திக்கொண்டு, மீகாத்தைக் கடக்குமுன் விமானத்தில் நிய்யத்துச் செய்து தல்பியாச் சொல்லலாம். முடி களையும் கத்தரிக்கோலைப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடக்கூடும். தண்ணீர்ப் புட்டியைக் காலியாகக் கொண்டுசென்று உள்ளே நிரப்பிக்கொண்டால் செலவு மிச்சம்.

ஐந்தாவது, பிள்ளைகள். கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பது எளிது. ஆனால் அவர்களோடு நடந்து பாருங்கள். அங்கே நிலையத்தின் உள்ளேயே மேல்தளத்தில் ஓடும் தொடர்வண்டி உண்டு; 2022-இல் திறந்த, மரங்கள் நிறைந்த உள்தோட்டம் உண்டு. நடுக்கூடத்தில் உள்ள மிகப்பெரிய மஞ்சள் கரடி பொம்மையைக் காட்டி, "வழி தவறினால் இங்கே வந்து நில்லுங்கள்" என்று சொல்லி வைக்கலாம். நம் பிள்ளைகளுக்கு மிகவும் வியப்பளித்தது கிப்லாதான். சென்னையில் மேற்கிலிருந்து சற்றே வடக்காகத் திரும்பித் தொழுதவர்கள், அங்கே மேற்கிலிருந்து சற்றே தெற்காகத் திரும்ப வேண்டியிருந்தது. "கஅபா இடம் மாறிடுச்சா அத்தா?" என்று நடுப்பிள்ளை கேட்டான். கஅபா அங்கேயேதான் இருக்கிறது, நாம்தான் இடம் மாறியிருக்கிறோம் என்று ஒரு தாளில் படம் வரைந்து காட்டினோம். மதரஸாவில் ஒரு மாதம் நடத்தினாலும் அந்தப் பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

திரும்பி வரும்போது

உம்ராவை முடித்துக்கொண்டு திரும்புகையில் அதே நிலையத்தில் மீண்டும் 7 மணி நேரம். இம்முறை இறங்கியவுடன் பிள்ளைகளின் தாயாரையும் நம் தாயாரையும் முதலில் தொழ அனுப்பினோம். பின்னர், பெண்கள் ஓய்வெடுக்கும் அமைதியறைக்கு அவர்களை அனுப்பிவிட்டு, மூன்று பிள்ளைகளையும் நாம் ஏற்றுக்கொண்டோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே ஓர் உண்மை விளங்கியது: மதரஸாவில் 40 மாணவர்களை ஓத வைப்பது இதைவிட எளிது! ஒருவனுக்குத் தண்ணீர், ஒருவனுக்குக் கழிவறை, ஒருத்திக்கு ஆயிரம் கேள்விகள். அன்று நம்மால் ஒரு பக்கம்கூட ஓத முடியவில்லை. தஸ்பீஹ் மட்டும் நாவில் ஓடிக்கொண்டிருந்தது.

4 மணி நேரம் கழித்து அவர்கள் எழுந்து வந்தார்கள். நம் தாயார் தம் மருமகளைக் காட்டி, "பயணம் கிளம்புனதுலேர்ந்து இவ இன்னைக்குத்தான் தூங்கியிருக்கா" என்றார்கள். பதினைந்து நாள்களாக அவர் சரியாக உறங்காததை நாம் கவனிக்கவே இல்லை. காத்திருந்த அந்த 7 மணி நேரம் இல்லாதிருந்தால் இன்றளவும் கவனித்திருக்க மாட்டோம்.

விமான நிலையத்தில் கண்டது, உண்மையில் நம் வீட்டின் நிலைதான். அங்கே சமையற்கட்டும் கடைத்தெருவும் மதரஸா மணியும் நம்மைப் பிரித்து வைக்கவில்லை. ஆகவே யார் எதைச் சுமக்கிறார்கள் என்பது கண்ணில் பட்டது. பயணம் முடிந்த பின்னும் ஸுப்ஹு வேளையில் கடைக்குட்டி அழுதால் இப்போது நாம் எழுகிறோம்; அவர் தொழுகிறார். பிறகு நாம் பள்ளிவாசலுக்கு ஓடுகிறோம். சில நாள்கள் முதல் வரிசை கிடைப்பதில்லை.

பயணியின் துஆ ஏற்கப்படும் துஆக்களுள் ஒன்று. அடுத்த முறை குடும்பத்தோடு எங்கேனும் காத்திருக்க நேர்ந்தால், கையேந்துமுன் உங்கள் வீட்டாரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர் தொழுதுவிட்டாரா, உண்டாரா, சற்று உறங்கினாரா என்று கேளுங்கள். பிறகு கையேந்துங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்தருளி, நம் இல்லத்தாரின் உரிமைகளைப் பேணி நடக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.