வாஷிங்டன் என்னும் கிராமம்

அமெரிக்கத் தலைநகரின் பெயர், இங்கிலாந்தின் வடகிழக்கே, முன்னர் டர்ஹாம் சீமையைச் சேர்ந்திருந்த ஒரு கிராமத்தின் பெயர் என்பதைப் பலர் அறிந்திருக்கலாம். அப்பெயர் ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்த விதமே என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

1183-ஆம் ஆண்டில் டர்ஹாம் பிஷப் ஹியூ தமது நிலங்களுக்கெல்லாம் எழுதுவித்த 'போல்டன் புத்தகம்' என்னும் கணக்கேட்டில், வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்பவர் ஹார்ட்பர்ன் கிராமத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக, தேவாலயமும் அதன் மானியமும் நீங்கலாக, வாஷிங்டன் கிராமத்தைப் பெற்றார் என்றும், அதற்காக 4 பவுன் செலுத்துவதோடு, பிஷப்பின் பெருவேட்டைக்கு 4 வேட்டை நாய்களுடன் செல்லக் கடமைப்பட்டவர் என்றும் கண்டிருக்கிறது. பிரபுக்களின் பெயர் அவர்கள் ஆண்ட மண்ணைப் பின்பற்றிய காலம் அது. ஆகவே பழைய பெயரைப் பழைய கிராமத்தோடு விட்டு, புதிய ஊர்ப் பெயரின் அக்கால வடிவப்படி அவர் வில்லியம் டி வெஸ்ஸிங்டன் ஆனார்.

ஆனால் 1539-இல், அவ்வம்சத்தில் தோன்றிய லாரன்ஸ் வாஷிங்டன் என்ற கம்பளி வணிகர், எட்டாம் ஹென்றி மன்னர் மடாலயங்களிடமிருந்து பறித்த நிலங்களில் ஒன்றான சல்கிரேவ் பண்ணையை விலைக்கு வாங்கியபோது, அவரைச் சல்கிரேவ் என்று எவரும் அழைக்கவில்லை. இடையில் கழிந்த மூன்றரை நூற்றாண்டுகளில் பெயர் மண்ணை விட்டு நீங்கி வம்சத்தின் சொத்தாகிவிட்டது. நிலம் மாறினாலும் இனி அது மாறாது. இந்த மாறுதலையே நான் இச்சரித்திரத்தின் ஜீவநாடியாகக் கருதுகிறேன். அது நிகழ்ந்திராவிடில், 1656-இல் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறிய அவ்வம்சத்து ஜான் என்பவர் அப்பெயரைக் கொண்டு சென்றிருக்க முடியாது; அவருடைய கொள்ளுப் பேரன் ஜார்ஜ், ஜனாதிபதியாக விளங்கிய 1791-இல், புதிதாக எழவிருந்த தலைநகருக்கு அது சூட்டப்பட்டிருக்கவும் முடியாது.

அக்கிராமப் பெயரோ, ஹ்வாஸ்ஸா என்ற ஆங்கிலோ-சாக்ஸன் ஒருவனுடைய வழியினரின் குடியிருப்பு என்று பொருள்படுவதாக மொழிநூலார் கொள்கின்றனர். அவன் யார், என்ன செய்தான் என்பதற்கு ஏடு எதுவுமில்லை. பெயர் மட்டும் மனிதனிடமிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து வம்சத்துக்கும், வம்சத்திலிருந்து ஒரு மகா நகரத்துக்கும் சென்றிருப்பது எனக்குப் பெரும் வியப்பளிக்கிறது.

வில்லியமின் வம்சத்தார் வாழ்ந்த இடத்தில் நிற்கும் அக்கிராமத்துப் பழைய மாளிகை பிற்காலத்தில் பல குடும்பங்கள் ஒண்டிக் குடியிருக்கும் வீடாகிச் சீர்குலைந்து, 1930-களில் வாசத்துக்குத் தகுதியற்றதென்று தள்ளப்பட்டது. ஊரார் குழு அமைத்து அதைக் காப்பாற்றினார்கள். சமையற்கட்டுக்கும் பெருங்கூடத்துக்கும் நடுவே, ஆதி வீட்டைச் சேர்ந்த கல் வளைவுகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.