வளர்த்து வழங்குதல்

அமெரிக்க நாட்டில் நியூஜெர்சி என்பது கடற்கரையை அடுத்த ஒரு சிறிய மாநிலம். அங்கு உங்களை ஒத்த வயதுடைய சிறுவர் சிறுமியர் சிலர் வீட்டில் ஒரு நாய்க்குட்டியை ஓராண்டுக்கு மேல் வளர்க்கின்றனர். வளர்த்தபின் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். (நாயின் குட்டியைக் குருளை என்று சொல்வது தொல்காப்பியர் காட்டும் மரபு. எனினும் வழக்கில் வேரூன்றிவிட்ட சொல்லை இவ்விடத்து விலக்க வேண்டுவதில்லை.) அக்குட்டி அவர்களுடைய உடைமை அன்று. பார்வை இழந்தவர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று அதனை அவர்களிடம் ஒப்படைக்கிறது. காலம் வந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கொடுக்கும் நாளில் அச்சிறுவர் படும் துயரைப் பற்றியே இங்குச் சில சொல்லக் கருதுகிறேன்.

அப்பள்ளியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ஜெர்மனி நாட்டில் 1916-ஆம் ஆண்டில் இவ்வகைப் பள்ளி தோன்றியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியார், ஜெர்மனியில் தாம் கண்டதை 1927-இல் ஓர் இதழில் எழுதினார். நாஷ்வில் நகரத்து இளைஞர் மாரிஸ் பிராங்க் என்பவர் பார்வை இழந்தவர். தந்தையார் அக்கட்டுரையைப் படித்துக் காட்டக் கேட்ட அவர், மறு ஆண்டே கடல் கடந்து சென்று, பழகிய நாய் ஒன்றுடன் தாயகம் மீண்டார். இவ்விருவர் முயற்சியால் 1929-இல் எழுந்ததே 'சீயிங் ஐ' என்னும் பள்ளி. காணும் கண் என்பது அப்பெயரின் பொருள். இன்று அது நியூஜெர்சியில் மாரிஸ்டவுன் என்னும் ஊரில் நடைபெறுகிறது. குட்டிகளைக் குடும்பங்களில் விட்டு வளர்க்கும் முறையை அது 1942-இல் தொடங்கியது.

குட்டி 7 அல்லது 8 வார அளவில் வீட்டிற்கு வரும். தன் பெயருக்குத் திரும்புதல், சொன்னால் அமர்தல், சொல்லும்வரை காத்திருத்தல், உணவு மேசையில் வாய் வையாதிருத்தல் ஆகியவற்றை வளர்ப்பவர் பழக்குவர். கடைத்தெருவுக்கும் புகைவண்டி நிலையத்துக்கும் உடன் அழைத்துச் செல்வர். மழையிலும் பனியிலும் நடத்துவர். வழிகாட்டும் தொழிலை அவர் கற்பிப்பதில்லை. கைப்பிடி பொருந்திய சேணத்தை அணிவித்து, தெருவோரத்தில் நிற்கவும், தடைகளை விலக்கிச் செல்லவும், 'நட' என்று ஏவினும் எதிரே வண்டி வருமாயின் நடவாது மறுக்கவும் பயிற்றுவது பள்ளியின் வேலை. ஆதலால், சிறுவர் செய்தது சோறிட்ட அளவே அன்றோ என்று எண்ணத் தோன்றும். அங்ஙனம் எண்ணுதல் பொருந்தாது. கலிபோர்னியாவில் சான் ரபேல் என்னும் ஊரிலும் ஒரு வழிகாட்டி நாய்ப் பள்ளி உண்டு. அதன் குட்டிகளை ஆராய்ந்த பாபென்பர்கர், ஸ்காட் என்னும் இருவர் 1959-இல் தம் முடிபை வெளியிட்டனர். 12 வாரம் கடந்தபின்னும் வீடு செல்லாமல் கொட்டிலிலேயே சில வாரங்கள் தங்கிவிட்ட குட்டிகளுள் பல, பிற்காலப் பயிற்சியில் தோல்வியுற்றன. காலம் தாழாது வீடு புகுந்தவை பெரும்பாலும் தேறின. மனிதரோடு கூடி வாழ்ந்த வாழ்வே அவற்றைத் தேறச் செய்தது.

இதனை நன்கு மனத்திற் கொண்டால், பிரிவைப் பற்றி வழங்கும் அறிவுரை ஒன்றன் குறை விளங்கும். 'எப்படியும் போகப்போகும் நாய், அளவோடு பழகு, பின்னர் வருத்தம் குறையும்' என்று சிலர் சொல்வர். சொல்பவர் நல்லவரே. ஆனால் அளவோடு பழகப்பட்ட நாய் அளவோடுதான் மனிதரை நம்பும். நாளை ஒருவர், தம் உயிரையே அதன் சேணத்தில் ஒப்படைத்து நெடுந்தெருவைக் கடக்கப் போகிறார். அவருக்கு வேண்டுவது அரைகுறை நம்பிக்கையுடைய நாய் அன்று. வளர்த்தவர் காட்டிய அன்பு, பணிக்கு இடையூறாக நேர்ந்த ஒன்றன்று; அதுவே பணி. பிரிவின்கண் எழும் துயரமும் அவ்வன்பின் மறுபுறமாதலால், அதனைப் பிழையெனக் கொண்டு வெட்குவதற்கு இடமில்லை.

வெட்கப்படச் செய்வோர் ஊரில் உளர். 'நாய்தானே, இதற்கா அழுகை?' என்பார் ஒருவர். அவரை நாம் பொருட்படுத்த வேண்டா. அவர் நாய் வளர்த்தறியாதவர். மற்றொருவர், 'உங்களைப்போல் எங்களாற் கொடுக்க முடியாது; நாங்கள் நாயின்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்' என்பார். பாராட்டுப்போல் வரும் இச்சொல்லே கூரிய முள். கொடுப்பவர்க்கு அன்பு குறைவு என்பது அதன் உட்பொருள். அன்பு குறைந்தவராயின் அச்சிறுவர் வெறுங்கையோடு வீடு திரும்பி, உணவில் மனம் செல்லாமல் இருப்பரோ?

மூன்றாவதாக, பயனைச் சொல்லித் தேற்றுவோர் உளர். 'ஒருவருக்குக் கண்ணைக் கொடுத்தாய், மகிழ்க' என்பர். தமிழ்ப் புலவர்க்கு இது புதிதன்று. உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிச் சுரத்திடை வரும் செவிலிக்குப் பாலைக்கலியில் முக்கோற் பகவர் கூறும் ஆறுதல் இவ்வகையினதே. பெற்றவள் வேறு, வளர்த்தவள் வேறு என்று பிரித்துக்கண்டு, வளர்த்தவளுக்குச் செவிலி என்று பெயரும் இட்டது நம் இலக்கியம். அப்பகவர் கூறிய உண்மையோடு செவிலியின் பேச்சை அது நிறுத்திவிடவில்லை; அவள் இரங்கிக் கூறுவனவாக வேறு பாடல்கள் பல உள்ளன. பயனுரை உண்மையே. ஆயினும் உண்மை சொல்லப்பட்ட அளவில் கண்ணீர் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. ஆண்டுதோறும் வகுப்பு முழுவதையும் வழியனுப்பிவிட்டு வெற்றுப் பலகைகளின் நடுவே நின்ற ஆசிரியனுக்கு இத்துயரின் நிழலேனும் தெரியும்.

அழலாம் என்றால், பின் என்ன செய்வது? பிரியும் நாள் உண்டு என்பதைக் குட்டி வந்த அன்றே வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுதல் வேண்டும். இளையவரிடம் அதனை மறைத்து, கடைசி வாரத்தில் வெளியிடுவது கொடுமை. கொடுக்கும் வேளையில் கழுத்துவாரைச் சிறுவர் தம் கையாலேயே பயிற்றுநர் கையில் தருதல் நன்று. அவர் பள்ளி சென்றிருக்கும்போது பெற்றோர் நாயை அனுப்பிவிடுவது, துயரைக் குறைப்பதற்கு மாறாக அதனோடு ஐயத்தையும் சேர்க்கும். அஞ்சுவது எதற்கு, உண்ண விரும்புவது எது, உறங்கும்போது எப்பக்கம் சாய்ந்து படுக்கும் என்பனவற்றை எழுதி உடன் அனுப்பலாம். எழுதும் கைக்கும் அது ஆறுதல். மறுநாள் காலையில், உலாவச் செல்லும் நேரத்தில், கால்கள் தாமே எழும். அந்நேரத்தைப் படுக்கையிற் கழியாமல் பழைய வழியிலேயே நடந்துவிட்டு வருதல் நலம். நீர்க்கிண்ணத்தையும் விரிப்பையும் எடுத்து வைப்பதற்கு விரைவு வேண்டா.

மறப்பதற்காக உடனே மற்றொரு குட்டியைக் கொணர்வதை நான் ஒப்பேன். குட்டி மருந்தன்று. அதற்கும் முழு மனம் வேண்டும். வளர்த்துப் பழகிய குடும்பங்களை இத்தகைய பள்ளிகள் மீண்டும் நாடுவது உண்மையே. மனம் தெளிந்தபின் அவ்வழைப்பை ஏற்கலாம்.

சிறுவர் வெளியில் சொல்லாத எண்ணம் ஒன்றுண்டு: 'நம் நாய் தேறாமற் போகட்டும், திரும்பி வரட்டும்.' தேறாத நாய்கள் உண்டு. அவற்றை வளர்த்த குடும்பமே ஏற்றுக்கொள்ளவும் இயலும். அவ்வாறு விரும்பிய மனத்தைப் பெரியோர் கடிந்துகொள்ளலாகாது. வாரைத் தன் கையால் கொடுத்த பிள்ளை, விருப்பத்தையும் உடன் கொடுத்துவிட வேண்டும் என்பது மிகையான கோரிக்கை.

கொடுத்தபின் மீண்டும் காணுதல் உண்டா எனில், பள்ளிக்குப் பள்ளி வழக்கம் வேறுபடும். சான் ரபேலில் பயிற்சி நிறைவு விழா நடைபெறும். வளர்த்தவர் மேடையேறி, நாயைப் பார்வையற்றவரிடம் முறைப்படி ஒப்படைப்பர். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்கும் அவ்விழாவையே நான் பெரிதும் விரும்புவேன். மாரிஸ்டவுனில் வழக்கம் வேறு. பயிற்சி முதிர்ந்த நாய், சேணம் பூண்டு பயிற்றுநருடன் ஊர்த்தெருவில் நடந்து காட்டும். வளர்த்த குடும்பத்தார் அதனைக் காண அழைக்கப்படுவர். ஆனால் தொலைவில் நின்றே காண வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடலாகாது. நாய் தெருவோரத்தில் நிற்கும். வண்டிகள் கடந்தபின் நடக்கும். அதற்கு நிற்கக் கற்பித்தவர் அருகே நடந்து செல்கிறார். வண்டிகளின் ஓசைக்கு அஞ்சாதிருக்கக் கற்பித்தவர் தெருவின் எதிர்ப்புறத்தில், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.