கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றம்: வர்த்தக ஒப்பந்தங்கள் பற்றி எங்கள் நிலைப்பாடு

நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தமும் இந்தியாவைக் கட்டுப்படுத்தக் கூடாது. இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 253ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்களிலும் கூட. ஒப்பந்தம் செய்வதையே நெறிப்படுத்தச் சட்டம் கொண்டுவர ஒன்றியப் பட்டியலின் 14ஆவது பதிவு இடம் தருகிறது. அந்தச் சட்டம்தான் இன்றுவரை வரவில்லை. அமைச்சரவை முடிவெடுக்கிறது, கையெழுத்தாகிறது. அவைக்கு விஷயம் வந்தால் அதற்குப் பிறகுதான்.

உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய ஒப்பந்தம் 1994 ஏப்ரலில் மராகேஷில் இப்படித்தான் கையெழுத்தானது. அதை நிறைவேற்ற அவ்வாண்டின் கடைசி நாளில் காப்புரிமை அவசரச் சட்டம் வந்தது. அதற்கான மசோதா மாநிலங்களவையில் முடங்கியது. அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 1997 டிசம்பரில் அந்த அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, 1999இல் சட்டம் திருத்தப்பட்டது. கையெழுத்துக்குப் பின் அவை மறுத்ததற்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

அவையைப் பேச விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2005 சாட்சி. மருந்துக் காப்புரிமைத் திருத்தத்தின்போது இடதுசாரிகள் வலியுறுத்தியதால் 3(டி) பிரிவு வலுவாக்கப்பட்டது: பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் கூடாவிட்டால், காப்புரிமை கிடையாது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அப்போது மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆன மருந்துக்கு, சில ஆயிரம் ரூபாயில் உள்நாட்டு மாற்று நிலைத்தது.

பேச்சுவார்த்தையில் ரகசியம் வேண்டும் என்பார்கள். பேரம் நடக்கும்வரை வேண்டும்தான். முடிந்த வாசகத்துக்கு எதற்கு? ஐரோப்பிய ஒன்றியம் நம்மோடு வர்த்தக ஒப்பந்தம் செய்தால் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தாக வேண்டும். நம் பக்கம் அது இல்லை.

14ஆவது பதிவின் கீழ் சட்டம் வேண்டும். முடிந்த வாசகம் நிலைக்குழுவுக்குப் போக வேண்டும். வேளாண்மை போன்ற மாநிலப் பொருள்களில் மாநிலங்களைக் கேட்க வேண்டும். இதை வரும் கூட்டத்தொடரில் எழுப்புமாறு தமிழ்நாட்டின் மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.