படமாகிப் போன தமிழ்

எண்மச் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துவிட்டது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் முழுப் பார்வையிழந்த ஒரு வழக்கறிஞரும் தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. கேமரா முன் கண் சிமிட்டினால்தான் எதிரே இருப்பது உயிருள்ள ஆள் என்று ஒத்துக்கொள்ளும் கேஒய்சி முறையில் தொடங்கிய வழக்கு, நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வின் இருபது உத்தரவுகளில் வந்து நின்றது. அவற்றில் இரண்டு, தளம் கட்டுவோரின் வயிற்றில் நேராகப் புளியைக் கரைப்பவை: அணுகல்தன்மைத் தணிக்கையைக் குறித்த கால இடைவெளியில் செய்ய வேண்டும், சோதனைக் கட்டத்தில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும்.

வங்கிக்கும் அரசுத் துறைக்கும்தானே இது, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இரண்டு மேசை போட்டு வேர்ட்பிரஸ் தளம் கட்டுகிறவனுக்கு என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 46ஆவது பிரிவு, சேவை தருகிறவர் அரசா தனியாரா என்று பார்க்கவில்லை. விதிகள் வெளியான நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கணக்குப் போட்டால் 2019 ஜூனிலேயே கெடு முடிந்துவிட்டது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் தளத்தின் ஓரத்தில் மிதக்கும் சக்கர நாற்காலிப் பொத்தான்களுக்கு மவுசு கூடும். ஒரு வரி ஸ்கிரிப்டைச் சேர்த்தால் போதும், தளம் முழுக்க விதிக்கு உட்பட்டுவிடும் என்பார்கள். இந்தப் பிளகினை வாங்கி அதே வாக்குறுதியோடு வாடிக்கையாளர் தலையில் கட்டும் முன் அமெரிக்கச் செய்தி ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அத்தகைய பொத்தானை விற்ற ஆக்சசிபீ நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு மிகையான வாக்குறுதி தந்ததாகச் சொல்லி, அந்நாட்டு வணிக ஆணையம் 2025இல் அதனிடமிருந்து 10 லட்சம் டாலர் வாங்கியது. அடியில் உள்ள எச்டிஎம்எல் கோணலாக இருந்தால் மேலே எந்தப் பொத்தானை ஒட்டியும் பயனில்லை.

செலவே இல்லாத வேலை எவ்வளவோ கிடக்கிறது. தளமொழி அமைப்பை எடுத்துக்கொள்வோம். முழுத் தமிழ்த் தளத்தை நிறுவிவிட்டு மொழியை மட்டும் அமெரிக்க ஆங்கிலமாகவே விட்டுவைக்கிற பழக்கம் நம் தொழிலில் சாதாரணம். கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. என்விடிஏ திரைவாசிப்பான் போட்டுக் கேட்பவருக்குத்தான், ஆங்கிலக் குரல் தமிழோடு மல்லுக்கட்டுவது கேட்கும். ஆல்ட் டெக்ஸ்ட் கட்டத்தில் கேமரா கொடுத்த கோப்புப் பெயரை அப்படியே போட்டுவிடுவதும், எழுத்தளவு பிடித்துப்போனதற்காக எச்4ஐத் தலைப்பாக்குவதும் இதே ரகம். இவற்றை நாமே திருத்தலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிடிஎஃப் விவகாரம் அப்படி இல்லை. இவ்விதழ் பல ஆண்டாகக் கத்திவரும் விவகாரமும் அதுதான்.

திருநெல்வேலி, தென்காசி மாவட்டத் தளங்கள் தேசியத் தகவல் மையத்தின் எஸ்3வாஸ் மேடையில் ஓடுகின்றன. பதிவேற்றிய கோப்புகளின் முகவரியில் 'அப்லோட்ஸ்', ஆண்டு, மாதம் என்ற அடுக்கைப் பார்த்தவுடனே அது வேர்ட்பிரஸ் வீட்டுப் பிள்ளை என்று நம்மவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தப் பெயரில் உள்ள மூன்று எஸ்ஸில் ஒன்று 'சுகம்யா', அதாவது எளிதில் அணுகத்தக்கது. வெளிக்கூடு உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது; எழுத்தளவு, நிறமாறுபாடு, உள்ளடக்கத்துக்குத் தாவும் இணைப்பு எல்லாம் உண்டு. ஆனால் அரசுத் தளம் எதுவானாலும் மக்கள் வருவது கூட்டைப் பார்க்க அல்ல. டெண்டர் அறிவிப்பு, வேலைவாய்ப்பு விண்ணப்பம், பயனாளிகள் பட்டியல் இவற்றைத் தேடித்தான் வருகிறார்கள். இணைப்பைச் சொடுக்கினால் எத்தனையோ நேரம் திறப்பது தமிழ் அல்ல, தமிழின் படம்.

இந்தப் படம் எப்படிப் பிறக்கிறது என்பது அலுவலக வாசல் மிதித்த எல்லோருக்கும் தெரியும். தட்டச்சர் கணினியில் அடிக்கிறார். அச்செடுக்கிறார். அதிகாரி கையெழுத்துப் போட, முத்திரை விழுகிறது. தாளை ஸ்கேன் செய்து, சற்றே சாய்ந்த நிலையில், பதிவேற்றுகிறார்கள். எழுத்தாக இருந்தது படமாகிவிட்டது. திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தில் மௌனம் காக்கும். கையெழுத்துக்காகத்தான் ஸ்கேன் என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்தை ஏற்றுக்கொண்டது 2000ஆம் ஆண்டில்.

ஸ்கேன் செய்யாமல் விட்டாலும் தப்பிக்க முடிவதில்லை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி வரும். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். வானவில் குடும்ப எழுத்துருக்களிலும் கதை இதுவே, எழுத்து மட்டும் வேறு. யூனிகோடில் அடித்தாலும், பிடிஎஃபாக்கும் மென்பொருள் சரியில்லையென்றால் கொம்பு முன்னே போய்விடும், துணைக்கால் எங்கோ நிற்கும்.

இதற்கெல்லாம் ஆணை இல்லாமல் இல்லை. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில், யூனிகோடும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றமும்தான் தரம் என்று தமிழக அரசே ஆணை போட்டது. அது போட்டுப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. தளத்தில் ஏற்றும் ஆவணங்கள் இபப் மின்னூல் வடிவிலோ எழுத்துணரித்தக்க பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று 2017 விதிகளின் 15ஆவது விதி சொன்னது. அந்த விதியின் முக்கியப் பகுதியை, கட்டாயம் என்ற பல் இல்லாமல் வெறும் வழிகாட்டுதலாக நிற்கிறது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ரத்து செய்தது. கட்டாய விதிகளை எழுத ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் தந்தது. அந்த மூன்று மாதம் 2025 பிப்ரவரியோடு முடிந்தது. அதே பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்டது என்ன தெரியுமா? அரசுத் தளங்கள் எந்த வண்ணத்தில் இருக்க வேண்டும், எழுத்துரு நோட்டோ சான்ஸ்தான் என்றெல்லாம் வகுத்துச் சொல்லும் டிஜிட்டல் அடையாளக் கையேடு! நிறத்துக்கு வந்த அவசரம் எழுத்துக்கு வரவில்லை.

பாதுகாப்புத் தணிக்கைச் சான்று இல்லாமல் தேசியத் தகவல் மையத்தின் சர்வரில் ஒரு தளத்தை ஏற்றிவிட முடியாது. மாதக்கணக்கில் இழுக்கும் அந்தச் சடங்கை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்கேன் பிடிஎஃபை ஏற்ற வரும்போது தடுக்க அங்கே ஒரு நாதி இல்லை. டெண்டர் எழுதுகிற அதிகாரி 'விதிகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வரி போட்டுவிட்டு, தானே விதிக்குப் புறம்பான கோப்பை நீட்டுகிறார். நாளை தணிக்கை வந்தால் கை நீளப்போவது தளம் கட்டியவனை நோக்கித்தான்.

இது வெறும் டெண்டர் விவகாரமும் அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்து ஊர்களுக்குள் வந்தது. அப்படி ஓர் இரவில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எத்தனை கனஅடி நீர் திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு ஜேபெக் படமாக வந்தால், ஆற்றங்கரையில் இருக்கும் பார்வையற்றவருக்கு அதை வாசித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும்.

இத்தனையும் பாளையங்கோட்டை இருக்கும் மாவட்டத்தில் நடக்கிறது என்பதுதான் கூடுதல் எரிச்சல். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் இங்கே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். தமிழைப் பிரெயில் புள்ளிகளில் அமைக்கும் தொடக்க முயற்சிகளில் அந்தப் பள்ளிக்கும் பங்குண்டு. விரலால் தமிழ் படிக்க அன்றே வழி பிறந்த ஊரில், காதால் படிக்க வழி இருந்தும் அடைத்து வைத்திருக்கிறோம்.

அரசு திருந்தும்வரை தொழில்காரர்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: உள்ளடக்கம் யூனிகோட் எழுத்தாக மட்டுமே ஏற்கப்படும், ஸ்கேன் தாள் வந்தால் தட்டச்சுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். பழைய கோப்புகளுக்கு டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழ் படிக்கும். பிழை திருத்த ஆள் வேண்டும், அதற்கும் விலை போடுங்கள். தளத்தை ஒப்படைக்கும் முன் திரைவாசிப்பான் பழகிய ஒருவரை அழைத்து, கூலி கொடுத்து, அரை மணி நேரம் தளத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் அப்படி ஒருவரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்காது.