ஓர் 'எஸ்' படுத்தும் பாடு

நேர்முகத் தேர்வில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கிறார்கள். 'மை ஃபாதர் வொர்க் இன் எ பேங்க்' என்று பதில் வருகிறது. சொல்ல வந்தது புரிந்துவிட்டது. ஆனாலும் 'வொர்க்ஸ்' என்பதில் விடுபட்ட ஓர் 'எஸ்', கேட்பவரின் புருவத்தை உயர்த்திவிடுகிறது.

விதி சிறியதுதான். ஐ, யூ, வீ, தே ஆகியவற்றுக்குப் பிறகு வினைச்சொல்லை அப்படியே போட்டால் சாதாரண நிகழ்காலம் தயார். ஹீ, ஷி, இட், அல்லது அந்த இடத்தில் வரும் ஒரே ஆள், ஒரே பொருள் என்றால் மட்டும் 'எஸ்' சேர்க்க வேண்டும். 'கோ' என்பது 'கோஸ்', 'வாட்ச்' என்பது 'வாட்சஸ்', 'ஹேவ்' என்பது 'ஹேஸ்' ஆகும். 'கேன்', 'மஸ்ட்' போன்றவற்றுக்கு 'எஸ்' கிடையாது. 'ஆம், இஸ், ஆர்' தனி ரகம்.

பிறகு ஏன் தடுமாற்றம்? தமிழில் செய்கிறேன், செய்கிறாய், செய்கிறார் என்று ஆளுக்கு ஒரு விகுதி உண்டு. ஆங்கிலமும் ஒரு காலத்தில் பல விகுதிகளை வைத்திருந்தது. அவை உதிர்ந்துபோய் மிஞ்சியது இந்த ஒன்றுதான். இதுவும் வட இங்கிலாந்துப் பேச்சிலிருந்து பரவியது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இந்த இடத்தில் 'எத்' என்ற விகுதியே இருக்கிறது. இங்கிலாந்தின் நார்விச் வட்டாரப் பேச்சில் இன்றும் இந்த 'எஸ்' விடுபடுவது உண்டு. ஆகவே, அதை விடுவது அறிவுக் குறைவல்ல. ஆனால் தேர்வும் அலுவலகமும் எதிர்பார்ப்பது பொது வழக்கை.

கேள்வியிலும் மறுப்பிலும் 'எஸ்' இடம் மாறும். 'டஸ் ஹீ வொர்க்?', 'ஹீ டஸ் நாட் வொர்க்' என்பதே சரி. 'டஸ்' அந்த 'எஸ்'ஸை வாங்கிக்கொண்டுவிட்டதால் 'வொர்க்' வெறுமனே நிற்கும். 'டஸ் ஹீ வொர்க்ஸ்?' என்றால் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம்!

இன்னொரு சிக்கல், எங்கே இதைப் பயன்படுத்துவது என்பது. 'அவர் காபி குடிக்கிறார்' என்றால் வழக்கமாகவா, இப்போதா? வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள். 'குடிப்பதில்லை' என்று வந்தால் அது வழக்கம்: 'ஹீ டிரிங்க்ஸ் காஃபி'. 'குடித்துக்கொண்டிருக்கிறார்' என்று மாற்ற முடிந்தால் அது இந்த நிமிடம்: 'ஹீ இஸ் டிரிங்கிங் காஃபி'.

இந்தியா முழுவதும் காதில் விழும் 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' ஆகியவற்றுக்கும் மருந்து தமிழிலேயே இருக்கிறது. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது', 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் 'ஐ நோ', 'ஐ ஹேவ்' போதும்.

பயிற்சிக்குப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். வீட்டில் ஒருவர் காலை முதல் இரவு வரை தினமும் செய்வதைப் பத்து வாக்கியங்களில், ஆங்கிலத்தில், வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து 'எஸ்' வந்தால் பாஸ்.